போண்டாவுக்கு முன்னாடி நாலாவது பொருள்

நான் வேலை பார்த்த முனிசிபாலிட்டி பேரை எழுத மாட்டேன். கடலூர்ல பஸ் ஏறி சிதம்பரம் போறவங்க ஜன்னல் வழியாப் பார்த்துட்டுத் தாண்டிப் போற ஊர்னு வெச்சுக்குங்க. பேரை எழுதினா இன்னும் உயிரோட இருக்குற நாலு பேருக்குச் சுருக்குன்னு இருக்கும், எதுக்கு வம்பு. எனக்கு என் பொண்ணுதான் முக்கியம். அப்ப அவளுக்கு அஞ்சு வயசு. அவ குடிக்க நல்ல தண்ணி வேணும், நான் சொல்லப்போறது முழுக்க அவ்வளவுதான்.

அறுபதுகள்ல பொம்பளைங்க ஆபீஸ் வேலைக்குப் போறது எங்க பக்கம் அபூர்வம். அந்த ஆபீஸ்ல நான் ஒருத்திதான். டைப்பிஸ்ட். மாசாமாசம் நடக்குற கவுன்சில் கூட்டத்துக்கு அஜெண்டா அடிக்கிறது என் வேலை. பிரதி எடுக்குற மெழுகு ஸ்டென்சில் தாள்ல அடிக்கணும். ஒரு எழுத்து தப்பினாலும் சிவப்பு மையைத் தடவி, ஊதி ஊதிக் காயவெச்சு, அதுமேல திரும்ப அடிக்கணும். எனக்கு அந்த மை பாட்டிலே தேவைப்படாது. என் ஸ்டென்சில்ல தப்பு இருக்காதுன்னு கமிஷனரே நாலு பேர் முன்னாடி சொல்லுவார். அதுல எனக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு.

கூட்டம் மூணு மணிக்கு ஆரம்பிக்கும். அஞ்சு மணிக்கு எதிர்க்க இருக்குற காப்பிக் கடையிலேர்ந்து ஒரு பெரிய அலுமினியப் பாத்திரத்துல போண்டா வரும். மூடியைத் திறந்து அந்த வாசனை கெளம்பிச்சோ இல்லையோ, கவுன்சிலருங்களுக்குக் காது அடைஞ்சிடும். அப்புறம் எவன் உக்காந்து ஊர்க் கதை பேசுவான்? தின்னுட்டு, கை கழுவிட்டு, துண்டுல வாயைத் தொடைச்சுக்கிட்டு, "மீதியை அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம் சேர்மன்"னு எழுந்திருச்சுடுவாங்க. அதனால எங்க ஆபீஸ்ல அஜெண்டாவுல இருக்குற ஒரு பொருளைப் பத்திப் பேசினா, போண்டாவுக்கு முன்னாடியா பின்னாடியான்னுதான் கேப்போம். முன்னாடின்னா தீர்மானம் ஆயிடும். பின்னாடின்னா ஒத்திவைப்பு. ஒத்திவெச்சது அடுத்த மாசம் முதல்ல வருமான்னா, அதுவும் வராது. புதுசெல்லாம் மேல, பழசெல்லாம் கீழ. யார் ஆரம்பிச்ச வழக்கமோ, நான் சேர்றப்பவே அப்படித்தான் இருந்தது.

எங்க தெரு ஊருக்குத் தெக்கால கடைசியில. முப்பது வீடு இருக்கும். தெருக்கோடியில ஒரு பொதுக் கெணறு, பாதி இடிஞ்ச கைப்பிடிச் சுவரு. தண்ணி கலங்கலா, சப்புன்னு ஒரு உப்பு. குழாய்த் தண்ணி வேணும்னா கடைத்தெரு முனைக்குப் போகணும். அங்க காலையில ஒரு மணி நேரம் வரும், அதுக்குள்ள குடத்துக்குக் குடம் இடிச்சு, தலைமுடியைப் பிடிச்சுச் சண்டை போட்டு, அதிர்ஷ்டம் இருந்தா ரெண்டு குடம் கெடைக்கும். என் வீட்டுக்காரருக்குக் கடலூர் முதுநகர்ல துறைமுகத்துல வேலை. சனிக்கெழமை வந்து திங்கக்கெழமை போயிடுவார். குடம், ஆபீஸ், குழந்தை எல்லாம் என் தலையிலதான்.

பொண்ணுக்கு வயிறு சரியில்ல. முந்தின வருஷம் ரெண்டு தடவை பேதி கண்டு, குச்சி மாதிரி ஆயிட்டா. "கெணத்துத் தண்ணி வாயிலயே படக் கூடாதும்மா, இன்னொரு தடவை வந்தா இந்த உடம்பு தாங்காது"ன்னு டாக்டர் கண்டிஷனாச் சொல்லிட்டார். நான் காய்ச்சித்தான் குடுத்தேன். ஆனா புள்ளை என் சொம்புல மட்டுமா குடிக்கும்? பகல் பூரா பக்கத்து வீட்டுல இருப்பா. அந்த வீட்டு அக்காவோட புருஷன் மலேயாவுல இருந்தார், அக்காவுக்கு அஞ்சு புள்ளைங்க. என்னோடதை ஆறாவதா வெச்சு, பாவம், ஊட்டிவிடும். அந்த வீட்டுல கெணத்துத் தண்ணிதான். அதுகிட்டப் போய் என் புள்ளைக்கு மட்டும் தனித் தண்ணி குடுன்னு எந்த வாயால சொல்றது? சொல்லவும் செஞ்சேன். அக்கா வருத்தப்படாமத் தனியா ஒரு கூஜா வெச்சுது. ஆனா ஆறு புள்ளைங்க ஓடி வெளையாடுற வீட்டுல யார் எந்தக் கூஜாவுல குடிச்சாங்கன்னு யாரு பாக்க முடியும்?

தெருவுக்குக் குழாய் வரணும். எனக்கு அது ஒண்ணுதான் வேண்டுதல்.

அந்த வருஷம் சித்திரையில எங்க வார்டு கவுன்சிலர் ரெண்டு மனுவோட என் மேஜைக்கு வந்தார். தெருவே அவரை மாமான்னுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். ஒண்ணு தெருவுக்கு ரோடு, இன்னொண்ணு தெருவுக்குக் குழாய்.

"ரெண்டையும் மேல போட்டுடவா மாமா?"

"அய்யய்யோ, மத்த வார்டுக்காரன் சட்டையைப் பிடிச்சுடுவான். ஒரு வார்டுக்கு ஒண்ணுதான் போண்டாவுக்கு முன்னாடி. எது வேணும்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்கம்மா. தெருவுல இருக்குறவ நீ, அடிக்கிறவளும் நீ."

நான் ரோட்டைத்தான் எடுத்தேன். இப்ப என்னைத் திட்டணும்னு உங்களுக்குத் தோணும். திட்டுங்க. ஆனா அதுக்கு முந்தின ஐப்பசியைக் கேட்டுட்டுத் திட்டுங்க. பொண்ணுக்கு ரெண்டாவது தடவை பேதி வந்த அன்னிக்கு எங்க தெரு முழங்கால் சேறு. ஜட்காக்காரன் முனையிலேயே நின்னுட்டான், "சக்கரம் எறங்கிடும்மா, குதிரை தவறி விழுந்தா நான் எங்க போவேன்"னுட்டான். புள்ளையை இடுப்புல தூக்கிக்கிட்டுச் சேத்துல நடந்தேன். ஒரு செருப்பு உள்ளயே போயிடுச்சு. நடுவுல ஒரு எடத்துல காலை எடுக்கவே முடியல, நின்னு ஓன்னு அழுதேன். ஆஸ்பத்திரியில டாக்டர், "இன்னும் அரை மணி கழிச்சு வந்திருந்தா நான் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது"ன்னார். அந்த அரை மணிதான் என் மண்டையில உக்காந்துக்கிச்சு.

குழாயடியில பொம்பளைங்க எல்லாரும் நிக்கையில நான்தான் சொன்னேன். "தண்ணியை எப்படியாவது இடுப்புல சுமந்தாந்துடலாம். ரோட்டைச் சுமந்தார முடியுமா?" எல்லாரும் ஆமா ஆமான்னாங்க. நல்லாச் சொன்னேன்னு எனக்கே ஒரு பெருமை. அப்புறம் அடுத்த மாசம் குழாயை நைசா மேல ஏத்திடலாம், அடிக்கிறவ நான்தானேன்னு ஒரு கணக்கு. ரோடு நாலாவது பொருள். குழாய் பத்தொன்பதாவது. என் கையால அடிச்சேன்.

கூட்டத்தன்னிக்கு மன்றக் கூடத்து அரைக்கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டேன். நாலாவது பொருள் ஏகமனதா நிறைவேறிச்சு. பன்னெண்டாவது பேசிக்கிட்டு இருக்கையில போண்டா வந்தது. குழாய் ஒத்திவைப்பு.

அடுத்த மாசம் குழாயை ஆறாவதா அடிச்சேன். மேனேஜர் வரைவைப் பார்த்துட்டு, சிவப்புப் பென்சிலால ஒரு வளையம் போட்டு, கீழே ஒரு அம்பு இழுத்தார். "உங்க தெருன்னா வழக்கத்தை மாத்துவியாம்மா?" எல்லாரும் பாக்க எனக்கு மூஞ்சி எரிஞ்சு போச்சு. இருபத்தொண்ணாவது பொருள். ஒத்திவைப்பு. அதுக்கு அடுத்த மாசமும் அதேதான். நாசமாப் போற போண்டா, அந்த மாசம் அரை மணி முன்னாடியே வந்துடுச்சு.

ரோடு மட்டும் கிடுகிடுன்னு வந்தது. ஆடியில கப்பிக்கல் கொட்டி, ஆவணியில தார் ஊத்திட்டாங்க. மழைத்தண்ணி நிக்கக் கூடாதுன்னு ஓவர்சியர் நல்லா ஒசத்தியே போட்டார். எங்க வாசல்ல ரெண்டு படி ரோட்டுக்கு அடியில போயிடுச்சு. போனா போகுதுன்னு இருந்தோம். தேங்கா உடைச்சுக் கற்பூரம் காட்டினோம். பக்கத்து வீட்டு அக்கா எல்லாருக்கும் சக்கரை குடுத்துச்சு. என் பொண்ணு அந்தக் கோடியிலேர்ந்து இந்தக் கோடி வரைக்கும் வெறுங்காலோட ஓடினா, தார் சுடுது சுடுதுன்னு சிரிச்சுக்கிட்டே ஓடினா. சாக்கடை எங்கன்னு ஒருத்தரும் கேக்கல. சாக்கடை வேற பொருள், அதை யாரும் மனுவுல எழுதல.

புரட்டாசிக் கூட்டத்துக்குப் பாதிப் பேர்தான் வந்தாங்க. பேச்சு கம்மி, பொருள் மளமளன்னு ஓடிச்சு. குழாய் போண்டாவுக்கு முன்னாடியே வந்துடுச்சு! கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். ஓவர்சியர் எழுந்திருச்சார். கடைத்தெருவுலேர்ந்து குழாய் பதிக்கணும்னா எங்க தெரு ரோட்டை வெட்டணும், புதுசாப் போட்ட ரோட்டை மூணு வருஷத்துக்கு வெட்டக் கூடாதுன்னு மன்ற விதி இருக்குன்னார். சேர்மன் தலையாட்டினார். மாமாவும் தலையாட்டினார். மூணு வருஷம் கழிச்சுப் பரிசீலிக்கலாம்னு எழுதிட்டாங்க. அந்த விதி இருக்குறது எனக்குத் தெரியாதான்னு கேட்டா, தெரியும். விதிப் புத்தகம் கிழிஞ்சு போச்சுன்னு முந்தின வருஷம்தான் முழுசையும் புதுசா அடிச்சுக் குடுத்திருந்தேன். அடிச்சேனே தவிர, படிக்கல. வீட்டுக்கு வந்து அடுப்பு பத்தவைக்காம உக்காந்துட்டேன். இன்னும் மூணு வருஷம் இந்தப் புள்ளையை எப்படிக் காப்பாத்துவேன்?

மூணு வருஷம் ஆகல. அடுத்த மாசமே ஐப்பசி மழை வந்தது. ஒசந்த ரோட்டுல ஒரு சொட்டு நிக்கல. எல்லாம் ரெண்டு பக்கமும் வழிஞ்சு எங்க வீட்டுக்குள்ள வந்தது, கொல்லைக்குப் போச்சு, அங்க இருந்த அசிங்கத்தையெல்லாம் வாரிக்கிட்டுத் தெருக்கோடிக்கு ஓடி, கைப்பிடிச் சுவரு இடிஞ்ச பக்கமாக் கெணத்துக்குள்ள விழுந்தது. நாங்க பாத்துக்கிட்டேதான் இருந்தோம். மூட்டை மூட்டையா மண்ணைக் கட்டிக் கெணத்தடியில அணை போட்டோம். அது ஒரு ராத்திரி தாங்கிச்சு.

தெருவுல ஒவ்வொரு வீடாப் பேதியில படுத்தாங்க. நான் லீவு கேட்டுப் பொண்ணை வீட்டுக்குள்ள வெச்சுக் கதவைச் சாத்தினேன். ரெண்டு நாள்தான் லீவு குடுத்தாங்க. மூணாம் நாள் அக்கா வீட்டுல விட்டுட்டுப் போனேன். வேற எங்க விடுவேன்? அதுக்கு அடுத்த நாள் விடிகாலையில பொண்ணுக்கு ஆரம்பிச்சுடுச்சு.

ஜட்கா வாசல் வரைக்கும் வந்தது. கூப்பிட்ட அஞ்சு நிமிஷத்துல வந்தது. அதே ஜட்காக்காரன். "ரோடு கண்ணாடியாட்டம் இருக்கும்மா, பயப்படாத, பறந்துடலாம்"னான். பறந்தான். டாக்டரைப் பார்க்க ஒரு நிமிஷம்கூடத் தாமதமில்ல. அவரும் அங்கேர்ந்து சிதம்பரத்துக்குக் கார் வெச்சு அனுப்பினார், அங்கயும் ரெண்டு கையிலயும் ஊசி ஏத்தினாங்க. சீக்கிரம்தான் வந்திருக்கீங்க, உடம்புலதான் தெம்பு ஒண்ணுமில்லன்னாங்க. மத்தியானம் ஒரு மணிக்கு என் பொண்ணு தண்ணி கேட்டா. குடுக்கக் கூடாதுன்னு நர்ஸ் சொல்லிட்டாங்க. பஞ்சை நனைச்சு உதட்டுல வெச்சேன். அதைச் சப்பிக்கிட்டே இருந்தா. கொஞ்ச நேரத்துல சப்புறதை நிறுத்திட்டா.

திரும்ப அந்த ரோட்டு வழியாத்தான் கொண்டாந்தோம். புள்ளை என் மடியில. ஒரு குலுக்கல் இல்ல, அவ தலை ஆடக்கூட இல்ல. பக்கத்து வீட்டு அக்கா யா அல்லான்னு நடு ரோட்டுல விழுந்து, "நான்தான் குடுத்தேன், நான்தான் தண்ணி குடுத்தேன்"னு தலையில அடிச்சுக்கிச்சு. நீ குடுக்கலக்கா, நான்தான் குடுத்தேன்னு சொல்லணும்னு நெனச்சேன்.

பதினோராம் நாள் வேலைக்குப் போனேன். போகாம என்ன செய்யறது, வீட்டுல அவ குடிச்ச சொம்பு இருக்கு. அன்னிக்கு மத்தியானம் மாமா வந்தார். மூஞ்சியைப் பாக்காம ஒரு வரைவை மேஜையில வெச்சார். எங்க தெருவுக்குக் குழாய். பக்கத்துலயே மேனேஜர் அதே சிவப்புப் பென்சிலால, முதல் பொருள்னு எழுதியிருந்தார். கடைசி வரியில, இதை ஒரு சிறப்பு நேர்வாகக் கருதி ரோடு வெட்டும் விதி தளர்த்தப்படுகிறதுன்னு இருந்தது.

ரெண்டு தடவை படிச்சேன்.

"இப்படி ஒரு வரி எழுதினா விதி தளருமா மாமா?"

"எந்த விதிக்கும் எழுதலாம்மா. எப்பவும் உண்டுதானே."

"அப்ப புரட்டாசியில ஏன் எழுதல?"

மாமா துண்டை எடுத்து முகத்தைத் தொடைச்சுக்கிட்டார். "யாரும் கேக்கலையேம்மா"ன்னார்.

மை பாட்டிலைத் தூக்கி அந்த வெள்ளைச் சட்டையில எறியணும்னு இருந்தது. ஆனா அவர் சொன்னது நெஜம். நானும்தான் கேக்கல. அரைக்கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டுக்கிட்டுதானே இருந்தேன்? உள்ள போய் ஒரு வார்த்தை, என் புள்ளைக்கு ஆகாதுன்னு ஒரு வார்த்தை, சொன்னேனா?

ஸ்டென்சிலை மெஷின்ல மாட்டினேன். பொருள் ஒண்ணுன்னு ஆரம்பிச்சு அந்தக் கடைசி வரி வரைக்கும் அடிச்சேன். அந்த வரிக்கு அரை நிமிஷம்தான் ஆச்சு. தப்பில்லாம அடிச்சேன்.