இரண்டாவது கார்டு

இது நடந்தது. சத்தியமாக நடந்தது. "அட போய்யா, கதை விடாதே" என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எனக்கொன்றும் நஷ்டமில்லை. நான் வீடியோ காமிரா ரிப்பேர் பார்க்கிறவன். திருகாணியையும் மின்சாரத்தையும் தவிர வேறெதையும் நம்பாதவன். பேய்க்கதை என்றால் நடுராத்திரியும் நாய் ஊளையும் வேண்டும் என்பார்கள். இதில் அதெல்லாம் கிடையாது. பட்டப்பகலில், ஜன்னல் திறந்துகிடந்த அறையில் நடந்த விஷயம் இது.

அக்காவும் தங்கையுமாக, ஆளுக்கொரு காமிராவோடு, விழாக்களை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா வாய் திறக்கமாட்டாள். தங்கை வாய் மூடமாட்டாள். அதனாலேயே தங்கைக்கு வாலு என்று பெயர் நிலைத்துவிட்டது. காமிரா ஓடும்போதும் பக்கத்தில் நின்று முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். "அக்கா, அந்த மாமா வாயைப் பொளந்துட்டுத் தூங்கறாரு பாரு." அத்தனையும் பதிவாகிவிடும். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, அவள் குரல் வரும் இடங்களையெல்லாம் ஒன்றுவிடாமல் தேடி அழிப்பாள். வேலையைக் கொடுத்து முடித்ததும் கார்டையும் சுத்தமாகத் துடைத்துவிடுவாள். அடுத்த விழாவுக்கு வேண்டுமே.

இருவருக்கும் ஓயாத சண்டை ஒன்று இருந்தது. காமிராவில் மெமரி கார்டு போட இரண்டு ஸ்லாட்கள் உண்டு. நாள் முழுக்க நடக்கும் விழா என்றால், முதல் கார்டு நிறைந்ததும் இரண்டாவதில் தொடரும்படி வைப்பாள் அக்கா. வாலுவுக்கு அது ஆகவே ஆகாது. ஒரே படம் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதியவேண்டும் என்பாள்.

"கார்டு மண்டையப் போட்டா என்னக்கா பண்ணுவே? ஒண்ணு போனா ஒண்ணாவது மிஞ்ச வேணாமா?"

"நடுவுல ரெண்டும் தீர்ந்துபோய், மேடை ஏறுற புள்ளைய விட்டுட்டா? அதோட அம்மாவுக்கு நீ பதில் சொல்லுவியா?"

"பெரிய கார்டா வாங்கேன், கஞ்சப் பிசினாறி!"

மழைக்காலத்தில் வாலு காய்ச்சலென்று படுத்தாள். அப்புறம் எழுந்திருக்கவேயில்லை.

சுவரில் மாட்ட ஒரு படம் தேடினார்கள். கிடைக்கவில்லை. எப்போதும் காமிராவுக்குப் பின்னால் நின்றவளுக்கு ஏது படம்? கடைசியில் யாரோ ஒருவருடைய கல்யாண வீடியோவில், மண்டபத்துக் கண்ணாடியில் அவள் முகம் பாதி தெரிந்தது. மீதியைக் காமிரா மறைத்திருந்தது. அதைத்தான் மாட்டினார்கள்.

அம்மா ஒருநாள் கேட்டாள். "ஊர்ல உள்ளவன் பொண்ணையெல்லாம் எடுத்தீங்களேடி. என் பொண்ணு குரல் ஒரு நிமிஷம் இல்லையா? ஒரே ஒரு தடவை கேட்டா போதும்டி."

அக்கா எல்லா டிஸ்க்கையும் கவிழ்த்துத் தேடினாள். எங்கேயும் இல்லை. அவ்வளவு சுத்தமாக அழித்திருந்தாள். அன்று அவள் அழுத அழுகையை வாயால் சொல்ல முடியாது.

பிறகு ஒரு கல்லூரியில் பட்டமளிப்பு விழா வந்தது. காலையிலிருந்து மாலை வரை. முதல் தடவையாக அக்கா தனியாகப் போனாள். கையில் வாலுவின் காமிரா. நாள் முழுக்கத் தாங்கும் பெரிய கார்டாக இரண்டு வாங்கி, இரண்டிலும் ஒன்றாகப் பதியும்படி வைத்தாள். திரையில் இரண்டு சிவப்புப் புள்ளிகள் எரிந்தன.

"இப்ப சந்தோஷமாடி?" என்றாள் வாய்க்குள்ளேயே.

விழாவில் ஒரு குறையுமில்லை. ஒன்றுதான் விசித்திரம். பத்தே கால் மணி வாக்கில், மேடையைப் பார்த்திருந்த காமிராவை அவள் திடீரென்று இடது பக்கம் திருப்பினாள். ஏன் திருப்பினாள் என்று அவளுக்கே தெரியாது. அங்கே மூலையில் ஒரு அப்பா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். அருமையான காட்சி. அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் முதல் கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. இரண்டாவதையும் சரிபார்த்துவிடலாம் என்று போட்டாள். இயர்போனை மாட்டினாள்.

கைதட்டல். பெயர் வாசிக்கும் குரல். மறுபடி கைதட்டல்.

10:14. துணி உரசுகிற மாதிரி ஒரு சத்தம்.

பிறகு... காதுக்கு மிக அருகில்...

"அக்கா, இடது மூலை. அந்த அப்பா அழறாரு. விட்டுடாதே."

10:15. காமிரா இடது பக்கம் திரும்பியது.

அக்கா பயந்துபோய்ப் படத்தை நிறுத்தினாள். முதல் கார்டில் அதே இடத்தை ஓட்டினாள். கைதட்டல் மட்டும். மறுபடி இரண்டாவது கார்டு. விட்ட இடத்திலிருந்து.

குரல் நிற்கவில்லை. எப்போதும்போல வாய் ஓயாமல் பேசிக்கொண்டே போனது. சிறப்பு விருந்தினர் ஷூ கயிறு அவிழ்ந்ததற்குச் சிரித்தது. "தண்ணி குடிக்கா. காலைலேருந்து ஒரு மடக்கு குடிக்கல நீ" என்று அதட்டியது. பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. அக்கா சிரித்தாள், அழுதாள், கேட்டுக்கொண்டே இருந்தாள்.

12:31.

"அம்மா மாத்திரை போடுதா? நான் இல்லேன்னா ஏமாத்தும். தலகாணி உறைக்குள்ள கையை விட்டுப் பாரு."

அக்கா எழுந்து ஓடினாள். தலையணை உறைக்குள் கையை விட்டாள்.

கை நிறைய மாத்திரைகள்.

அம்மாவை இழுத்துவந்து உட்கார வைத்தாள். இயர்போனை அம்மாவின் காதில் வைத்து, முதலிலிருந்து ஓட்டினாள்.

10:14... கைதட்டல்.

12:31... கைதட்டல்.

ஒரு தடவை கேட்ட இடத்தில் குரல் இல்லை. கேட்காத மீதியை அவசரமாக நகல் எடுத்துப் பார்த்தாள். நகலில் குரலே இல்லை.

"பாவி நான், இவ்வளவையும் தனியாவே கேட்டுத் தீத்துட்டேனேம்மா..."

அம்மா அக்காவின் உள்ளங்கையிலிருந்த மாத்திரைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதை நான் யார்கிட்டயும் சொல்லலையேடி." பிறகு கேட்டாள். "என்ன சொன்னா? அவ சொன்ன மாதிரியே சொல்லு."

அக்கா சொன்னாள். தங்கையின் அதே இழுப்போடு, அதே துடுக்கோடு.

அப்புறம் ஆளுக்கு ஒரு காதில் மாட்டிக்கொண்டார்கள். 12:32-இலிருந்து.

குரல் வந்தது.

அம்மா விக்கி விக்கி அழுதாள். வாலு கிண்டலடித்தபோது சிரித்தாள். "வாயைப் பாரு வாயை" என்று திரும்பத் திட்டினாள். வெளியே வெயில் சாய்ந்தது. இருவரும் அசையவில்லை.

4:05.

அம்மா சட்டென்று இயர்போனைக் கழற்றினாள். "நிறுத்துடி."

"இன்னும் இருபது நிமிஷந்தாம்மா இருக்கு."

"இருக்கட்டும். அதையும் கேட்டுட்டா அவ மறுபடியும் போயிடுவாடி."

அந்தக் கார்டை அம்மா ஒரு சின்ன டப்பாவில் போட்டு, புடவைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து மாத்திரையும் ஒழுங்காகப் போடுகிறாள்.

சில வாரம் கழித்து அக்கா காமிராவை என் கடைக்குக் கொண்டுவந்தாள்.

"ரெண்டாவது ஸ்லாட்டைக் கொஞ்சம் பாருங்கண்ணே. இப்பல்லாம் கார்டே இல்லைன்னு காட்டுது."

எனக்குச் சிரிப்பு வந்தது. "காட்டாம என்னம்மா பண்ணும்? உள்ள ஒண்ணும் கிடையாதே."

அவளுக்குப் புரியவில்லை. மேஜை இழுப்பறையைத் திறந்து, துருப்பிடித்த ஸ்லாட் பாகத்தை எடுத்துக் காட்டினேன். "மழை ஆரம்பிச்சப்போ நனைஞ்சு கெட்டுப்போச்சு. உன் தங்கச்சிதான் கொண்டுவந்தா. கழட்டி எடுத்துட்டேன். புதுசு வர்ற வரைக்கும் ஒரு ஸ்லாட்டை வெச்சு ஓட்டிக்கறேன்னா. 'அக்காகிட்ட சொல்லிடாதீங்கண்ணே, கொன்னே போட்டுடுவா'ன்னு கெஞ்சினா."

காமிராவை அவள் எதிரிலேயே திறந்தேன். உள்ளே வெறும் பள்ளம். வயர் நுனியில் நான் சுற்றிய டேப் பிரியாமல் அப்படியே இருந்தது. அங்கே செருகிய கார்டில் ஒரு நொடிகூடப் பதிய வழியில்லை. முப்பது வருஷத் தொழில் அனுபவத்தில் சொல்கிறேன். வழியே இல்லை.

அப்போதுதான் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தொழில்காரன் புத்தி, கேட்டுவைத்தேன். "புது பார்ட் வந்திருக்கு. மாட்டித் தரட்டுமா?"

அவள் காமிராவை என் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"வேணாம்ண்ணே. தயவுசெஞ்சு மாட்டிடாதீங்க. அது காலியாவே இருக்கட்டும்."

இன்றைக்கும் நீண்ட விழா என்றால், அந்தக் காலி ஸ்லாட்டில் ஒரு கார்டைச் செருகிவிட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கிறாள். கார்டு இல்லை என்றுதான் திரை காட்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து எடுத்துப் பார்ப்பாள். ஒன்றும் இருக்காது. அடுத்த விழாவுக்கும் செருகுவாள்.