உட்காரச் சொன்னால் நிற்பவர்கள்

ஜவுளிக்கடையில் வாடிக்கையாளர் உட்கார்ந்து பார்ப்பார், விற்பவர் நின்று காட்டுவார், சூப்பர்வைசர் குறுக்கும் நெடுக்கும் நடந்து இருவருக்கும் இடைஞ்சல் செய்வார்.

நான் மூன்றாவது ரகம். பெரம்பலூரில் ஒரு ஜவுளிக்கடையின் முதல் மாடி, சேலைப் பிரிவு, என் பொறுப்பில் இருக்கிறது. இதற்கு முன்பு டுடோரியல் கல்லூரியில் வரலாறு நடத்தினேன். பேரரசுகள் ஏன் சரிந்தன என்று காரணங்களை வரிசையாகச் சொல்லத் தெரியும். எனக்குக் கீழே வேலை பார்க்கும் பெண்களிடம் ஒரு வாக்கியம் சொல்லி அதை நம்பவைக்கத் தெரியாது. உங்களுக்குக் கீழேயும் நாலு பேர் வேலை பார்க்கிறார்கள் என்றால், கொஞ்சம் அருகில் வாருங்கள். நாம் ஒரே சாதி.

பிரகடனம்

கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்ததால் எங்கள் மாடிக்கும் ஸ்டூல்கள் வந்து இறங்கின. மறுநாள் காலை, கடை திறக்கும் முன், எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து உட்காரும் உரிமை பற்றிச் சொற்பொழிவு ஆற்றினேன். இதிலுள்ள முரண் அப்போது எனக்கு உறைக்கவில்லை. ரோமாபுரியில் தொடங்கி எங்கள் கடைப் படிக்கட்டு வரை வந்து, "வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் தயங்காமல் உட்காருங்கள்" என்று முடித்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். மதியத்துக்குள் ஒவ்வொரு ஸ்டூலின் மேலும் பூனம் சேலைகள் அடுக்கடுக்காக உட்கார்ந்திருந்தன. பெண்கள் பக்கத்தில் நின்றார்கள்.

காரணத்தைச் சொன்னவர் ஜெசிந்தா. ஏலாக்குறிச்சிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருபவர், பிரிவில் எல்லோருக்கும் மூத்தவர். பாவம் பார்த்துத்தான் சொன்னார்: "ஒங்களுக்கு முன்னாடி இருந்த சாரும் இப்புடித்தான் சார், 'கால் வலிச்சா உக்காந்துக்கங்கம்மா'ன்னு அன்பா சொன்னாரு. உக்காந்தவங்க பூரா அடுத்த வாரம் கோடவுன்ல மூட்டை பிரிச்சிக்கிட்டு இருந்தாங்க."

முன்மாதிரி

தலைவன் தானே செய்து காட்ட வேண்டும் என்று எத்தனையோ புத்தகங்களில் படித்திருக்கிறேன். ஆகவே ஒரு ஸ்டூலைக் காலி செய்து, பட்டுச் சேலை அலமாரிக்கும் காட்டன் அலமாரிக்கும் நடுவே போட்டு, நானே அமர்ந்தேன். திருமழபாடியிலிருந்து கல்யாணச் சேலை எடுக்க வந்திருந்த ஓர் அம்மாள் என்னைப் பார்த்துவிட்டு, "யாராச்சும் இந்தத் தம்பிக்கு ஒரு சோடா வாங்கியாங்கப்பா, மயக்கம் போல" என்று குரல் கொடுத்தார். என் வாழ்நாளில் அவ்வளவு ஆரோக்கியமாக நான் இருந்ததில்லை.

பெண்களோ வழக்கத்தைவிட விறைப்பாக நின்றார்கள். ஒருத்தரோடு ஒருத்தர் பேசக்கூட இல்லை. ஏன் என்று மலர்க்கொடியிடம் கேட்டேன். வாலிகண்டபுரத்துக்காரர், சிரித்த முகம், சேலையைத் தோளில் போட்டுக் காட்டினால் வாங்க வேண்டாம் என்று வந்தவரும் வாங்கிவிடுவார். அவர் சொன்னார்: "நீங்க நடந்தீங்கன்னா செருப்புச் சத்தத்துலயே எந்தப் பக்கம் வர்றீங்கன்னு தெரிஞ்சிரும் சார். உக்காந்துட்டீங்கன்னா எங்கேருந்து பாக்குறீங்கன்னே தெரியல."

பூட்டிய அறை

உடை மாற்றிப் பார்க்கும் அறை நெடுநேரமாகத் திறக்கவில்லை என்று ஒரு வாடிக்கையாளர் சத்தம் போட்டார். கதவைத் தட்டினேன். மலர்க்கொடி வெளியே வந்தார். உள்ளே தரையில் உட்கார்ந்திருந்திருக்கிறார். இரண்டு கணுக்காலும் வீங்கி, கொலுசு சதைக்குள் புதைந்திருந்தது. நரம்பு சுருண்டிருக்கிறது, அடிக்கடி உட்காரவில்லை என்றால் ஆபரேஷன் வரை போகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்தக் காலோடு கோடவுனுக்குப் போய் மூட்டை தூக்கினால் ஒரு மாதம்கூடத் தாங்காது. வேலையை விட்டாலோ வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் இல்லை.

"அதுக்குத்தானம்மா வெளியே ஸ்டூல் போட்டிருக்கிறது?" என்றேன், ஆசிரியர் தோரணை போகாமல். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நீங்க நல்லவருதான் சார். ஆனா மொதலாளி வர்றப்ப எப்புடி இருப்பீங்கன்னு நாங்க இன்னும் பாக்கலயே."

மடிப்பு இலாகா

அன்றிரவு வீட்டில் யோசித்தேன். ஓய்வு என்று சொன்னால் பயப்படுகிறவர்கள் வேலை என்று சொன்னால் பயப்பட மாட்டார்கள். மறுநாள் முதல், பிரித்துப் போட்ட சேலைகளை உட்கார்ந்துதான் மடிக்க வேண்டும் என்று விதி செய்தேன். ஒரு ஸ்டூலை நானும் எடுத்துக்கொண்டேன். நான் மடித்த சேலை கட்டைப் பைக்குள் நுழைய மறுத்தது. ஒரு மணி நேரம் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்த ஜெசிந்தா அதை என் கையிலிருந்து பிடுங்கினார். முதல்முறையாக எல்லோரும் என் எதிரிலேயே சிரித்தார்கள். மலர்க்கொடி உட்கார்ந்தபடியே சிரித்தார்.

"சார், நீங்க சேலை மடிக்கல," என்றார் ஜெசிந்தா, "கொழந்தைய ஏணையில போடுற மாரி சுத்தி வக்கிறீங்க."

முதலாளி மாடியேறினார்

முகூர்த்த மாதம், மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய மந்தமான நேரம். முதலாளி சொல்லாமல் கொள்ளாமல் படியேறி வந்துவிட்டார். எல்லோரும் துள்ளி எழுந்தார்கள். மலர்க்கொடி மட்டும் எழவில்லை. மடியில் ஒரு சேலை, கண்கள் மூடியிருந்தன. முதலாளி அவரைப் பார்த்தார். பெண்கள் முதலாளியைப் பார்க்கவில்லை. அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள்.

"மடிச்சிக்கிட்டு இருக்காங்க" என்று சொல்லியிருக்கலாம். மடியில் சேலை இருந்தது, யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அப்படிச் சொன்னால் ஸ்டூல் இனி என்றைக்கும் மடிப்பதற்கு மட்டும்தான் என்று ஆகிவிடும். ரோமாபுரி துணைக்கு வரவில்லை. "அவங்களுக்குக் கால் முடியல, ஓய்வு எடுக்கிறாங்க. நான்தான் உக்காரச் சொன்னேன்" என்றேன். "வியாபாரம் கொறைஞ்சா?" என்றார். "என்னைக் கோடவுனுக்கு அனுப்புங்க" என்றேன். சொன்ன பிறகுதான் என் முதுகு வலி எனக்கு ஞாபகம் வந்தது. மலர்க்கொடி கண் விழித்து, பதறி எழப்போனார். ஸ்டூல் தரையில் கிறீச்சிட்டது. முதலாளி முகம் சுளித்துக் குனிந்து பார்த்தார்.

"உக்காரும்மா, உக்காரு," என்றவர், என் பக்கம் திரும்பினார். "யோவ், ஸ்டூல் காலுக்கெல்லாம் ரப்பர் மாட்டச் சொல்லுய்யா, டைல்ஸ் பூரா கீறுது."

தற்போதைய நிலவரம்

நன்றி என்று யாரும் சொல்லவில்லை. மறுநாள் மதியம், மீதி ஸ்டூல்களில் இருந்த பூனம் சேலைகளும் அலமாரிக்குத் திரும்பியிருந்தன. ஸ்டூல்களில் மனிதர்கள் இருந்தார்கள். மலர்க்கொடி ஒரு காலை இன்னொரு ஸ்டூலில் நீட்டி வைத்து, வீட்டுக் கதை பேசிக்கொண்டிருந்தார். கொலுசைக் கழற்றிவிட்டிருந்தார். நான் அருகே போனேன். ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. பேச்சும் நிற்கவில்லை. சற்றே இருமிப் பார்த்தேன். ஏனோ மனசுக்குள் சுருக்கென்றது. நேற்றுவரை, மடிக்கச் சேலை இல்லாத நேரத்தில் என் நிழல் தெரிந்தாலே எழுந்து நின்றவர்கள் இவர்கள்.

ஜெசிந்தா நிமிர்ந்து பார்த்தார். "இருமல் மிட்டாய் வேணுமா சார், இல்ல சும்மாதான் சுத்துறீங்களா? சும்மான்னா கீழ போயி எல்லாத்துக்கும் டீ சொல்லிட்டு வாங்க."

ஆகவே சக சூப்பர்வைசர்களே, நீங்கள் வரும்போது எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு இருந்தால், அவர்களை உங்கள்மேல் நம்பிக்கை வைக்கச் செய்யும் விபரீத முயற்சியில் மட்டும் தயவுசெய்து இறங்கிவிடாதீர்கள்.