பெட்டியில் வந்த மாத்திரை

என் அண்ணன் சவூதியில் வேலை பார்க்கிறார். ஊருக்கு வரும்போதெல்லாம் சோப்பு, தைலத்தோடு மாத்திரை அட்டைகளும் கொண்டு வருவார். சளி, இருமல் என்றால் எங்கள் தகப்பனார், அத்தா, அதில் இரண்டு போட்டுக்கொண்டு பெரிய கடைவீதியில் இருக்கும் எங்கள் கடைக்குப் போய்விடுவார். பக்கத்து வீட்டார் கேட்டாலும் கிழித்துக் கொடுப்போம்.

கொரோனா இரண்டாம் அலையில் அத்தாவைத் திருச்சியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். கொரோனா குறைந்தபோது நுரையீரலில் வேறொரு கிருமி தொற்றிக்கொண்டது.

"எந்த மருந்துக்கும் கட்டுப்படலைம்மா. முன்னாடி அடிக்கடி ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருக்காரா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லைங்க சார்" என்றேன். பொய் சொல்லவில்லை. எங்களுக்கு அது சவூதி மாத்திரை, அவ்வளவுதான்.

அத்தாவின் துணிப்பையில் கிடந்த அட்டையை நர்ஸ் எடுத்து வந்து, "இதுதாங்க ஆன்டிபயாடிக்" என்றார்.

"இதனாலதான்னு உறுதியா சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியில தொத்தின கிருமியாவும் இருக்கலாம். ஆனா இப்படி இஷ்டத்துக்குச் சாப்பிட்டா கிருமி மருந்துக்குப் பழகிடும்மா" என்றார் டாக்டர்.

மருந்தை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். காப்பாற்ற முடியவில்லை; அத்தா மௌத்தாகிவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

இப்போது எதிர்வீட்டு அக்கா மாத்திரை கேட்டால், "கிளம்புங்கக்கா, டாக்டர்கிட்ட போவோம்" என்று நானும் செருப்பை மாட்டிக்கொள்கிறேன். வீட்டில் யார் எதைச் சாப்பிட்டிருந்தாலும் அட்டையோடு டாக்டரிடம் காட்டிவிடுகிறேன்.

ஒவ்வொரு முறை ஊருக்குக் கிளம்பும்போதும் அண்ணன் போனில் கேட்கிறார், "என்னம்மா வாங்கிட்டு வரட்டும்?"

"தைலம் மட்டும் போதும்ணே" என்கிறேன். ஏன் என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை.