கையில் இருந்த கப்பல்

கடற்படைச் சீருடையோடு லீவில் நாமக்கல்லுக்குப் போய்க்கொண்டிருந்தேன். கரிப்புகையில் ஓடும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த முண்டாசுக்காரர் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். பச்சை குத்திய கப்பல். மூன்று புகைபோக்கிகளில் நடுவில் இருந்தது மட்டும் குட்டை.

“எங்கய்யன் இந்தக் கப்பல்ல கரி தள்ளுனாருங்க. ஊருல ஒருத்தரும் நம்பலீங்க. அவரு கையில இருந்தத அப்படியே என் கையில குத்திக்கிட்டனுங்க. இத எங்கயாச்சும் பாத்தீங்களா?”

“பம்பாயில நிக்குதுங்க. நான் வேல பாக்கறதே இதுலதானுங்க.”

என் கைகளைக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

“வண்டிய நிறுத்துங்க! ஊருக்குச் சொல்லோணும்!”

நாமக்கல்லுக்குச் சீட்டு வாங்கியவர் பாதியிலேயே இறங்கி, சுருட்டிய சட்டையை இறக்காமலே வந்த வழியில் நடந்தார்.

தினமும் திட்டிக்கொண்டே அந்தக் கப்பலின் தளத்தைக் கழுவியவன் நான். லீவு முடிந்து கப்பலேறியதும், குட்டைப் புகைபோக்கிக்கு ஒரு கும்பிடு போட்டேன்.