நேவியா, ஏர்போர்ஸா? நான் கட்டிய பூ

ஐந்து வருடத்துக்கு முன்பு, ஓர் ஆடி வெள்ளிக்கிழமை, திருமங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் குலசாமி கோயிலில் நடந்தது இது.

என் தம்பி மகளை மூன்று வயதிலிருந்து வளர்த்தவள் நான். தாயும் தகப்பனும் இல்லாத பிள்ளை. எனக்கும் வேறு யாரும் இல்லை. விமானம் ஓட்ட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை. ஏர்போர்ஸ், நேவி இரண்டுக்கும் எழுதினாள். இரண்டிலுமே பைலட் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். எங்கள் தெருவில் எந்த வீட்டுக்கு வாய்த்தது இப்படி? கொஞ்ச நாள் நான் தரையில் நடக்கவில்லை.

ஆனால் ஒன்றுக்குத்தான் போக முடியுமாம். அவளுக்கு நேவி மேல்தான் மனசு.

"கப்பல்காரங்ககிட்ட ஒனக்கென்னடி வேலை?" என்றேன்.

"அங்கயும் பிளேன் இருக்கு அத்தை. கடல் மேல பறக்கணும். ஹெலிகாப்டர்னா ஆடுற கப்பல்லயே எறக்கணும்."

"வைகையில மொழங்கால் தண்ணி வந்தாலே பாலத்துல நின்னு வேடிக்கை பாக்குற ஊருடி இது!"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தரை என்றால் ஏதாவது வயக்காட்டிலாவது இறங்கிவிடலாம், கடலில் எங்கே இறங்குவாள் என்றே மனசு அடித்துக்கொண்டது.

முடிவெடுக்க முடியாத காரியத்துக்கு எங்கள் பக்கம் சாமி முன்னால் பூக்கட்டிப் பார்ப்போம். இரண்டு நிறப் பூவைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிப் போட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வருகிற நிறம்தான் சாமி உத்தரவு. வெள்ளை அரளி வந்தால் ஏர்போர்ஸ், செவ்வரளி வந்தால் நேவி என்று சொன்னேன். அவள் கைகால் கழுவப் போன நேரத்தில் நானே பொட்டலம் கட்டினேன். இரண்டிலும் வெள்ளையையே வைத்தேன்.

அவள் கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தாள். வெள்ளை அரளி. சாமி முகத்தைப் பார்க்க முடியாமல் நான் முதலில் வெளியே வந்துவிட்டேன். அவள் மெதுவாகப் பின்னால் வந்து, "சரி அத்தை, ஏர்போர்ஸுக்கே போறேன்" என்றாள்.

பஸ்ஸில் வரும்போது சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. தப்பு செய்தேன் என்று யாரிடமும் சொல்லிப் பழகாத வாய். ஊர் வரைக்கும் மூடியே இருந்தது. அன்று சாயங்காலமே அவள் பதில் அனுப்பிவிட்டாள்.

இப்போது எங்கோ வடக்கே இருக்கிறாள். வாரம் ஒரு போன். ஒரு ஆளுக்குச் சோறு வடித்து, காலையில் வடித்ததையே ராத்திரிக்கும் வைத்துக்கொள்கிறேன். டிவியை ஓடவிட்டால்தான் வீட்டில் பேச்சுச் சத்தமே கேட்கும். போன மாதம், மனசு தாங்காமல் போனில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும் அத்தை. நீ வெளிய போனதும் இன்னொரு பொட்டலத்தையும் பிரிச்சுப் பாத்தேன்."

"பெறகு ஏன்டி போன?"

"சாமியவே ஏமாத்துற அளவுக்கு நீ பயந்துபோயிருக்க. அதுக்கு மேல ஒங்கிட்ட என்னத்தப் பேச?"

கோபமாகச் சொல்லவில்லை. மாத்திரை போட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

அவளுக்காக என் வாழ்க்கையையே விட்டுக்கொடுத்தவள் நான் என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். ஒற்றைத் தட்டை எடுத்து வைத்து உட்காரும்போது, எங்கள் இரண்டு பேரில் அதிகம் விட்டுக்கொடுத்தது யார் என்று இப்போது எனக்குத் தெரிகிறது.