அப்பா வெட்டிய தகரச் சேவல்

அப்பா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஒரு வருடம். இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும், பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மழையென்றும் பாராமல் வந்திருப்பவர்களுக்கும் மூத்த மகளின் வணக்கம். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். கடையில் சாமான் சுற்றித் தரும் பேப்பரை வாசித்து வாசித்துத்தான் எனக்கு எழுத்துப் பழகியது. பேசுகிற மாதிரிதான் எழுத வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதை எழுத உட்கார்ந்த அன்று தம்பி சொன்னான்: "அக்கா, அப்பா நல்லவரு, கோயிலுக்கு ஒழைச்சாருன்னு எழுதி முடிச்சிரு. கலவரத்துக் கதையெல்லாம் வேணாம்."

ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமலே, "எழுதுடி. மறைச்சது போதும்" என்றார். அதனால் எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், கூலிக்காரர் வரிசை வீடுகளான லயங்களில் கடைசி லயத்தில். அவருக்கு ஐந்து வயதிருக்கும்போது, மரம் வெட்டப் போன அவருடைய தகப்பனார் மீது வெட்டிய மரமே சாய்ந்து உயிரை எடுத்தது. பத்து வயதில் அப்பா வேலைக்குப் போனார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பிந்தி வந்ததற்காகக் கங்காணி அடித்த பிரம்படி முதுகில் கோடு கோடாகக் கடைசிவரை இருந்தது. "இது என்னப்பா?" என்று தொட்டுக் கேட்டால், "எங்க பள்ளிக்கூடத்துல குடுத்த சர்டிபிகேட்டு" என்பார். பிறகு தொழிற்சாலையில் தகர வேலை பழகினார். கீழே இருக்கும் சிங்களக் கிராமத்து வீடுகளுக்கு மழைத்தண்ணீர் ஓடும் கூரைப் பீலி மாட்டப் போய்ப்போய், அவர்கள் பேச்சையும் அவர்களைப் போலவே பேசக் கற்றுக்கொண்டார். "தகரக்காரரு கை பட்ட கூரையில மழையே யோசிச்சுத்தான் விழும்" என்று எங்கள் லயத்தில் சொல்வார்கள்.

அப்பாவின் உயிர்க் கூட்டாளி என் மாமா, அம்மாவின் ஒரே அண்ணன். மாமா வருடம் தவறாமல் முருகனுக்குக் காவடி எடுப்பவர். அப்பா வேதக்காரர். "ஒங்க சாமி சிலுவையில, எங்க சாமி மயில்ல. எது மச்சான் வேகமாப் போகும்?" என்று மாமா சீண்டுவாராம். "மழை வந்தா ஒங்க மயிலு ஒதுங்கும். எங்காளு ஒதுங்க மாட்டாரு" என்பாராம் அப்பா. சொந்தக்காரர்கள் எல்லாம் குதித்தபோதும் அம்மாவை அப்பாவுக்குக் கட்டிக்கொடுத்தவர் அந்த மாமாதான்.

தமிழர்களைத் தேடித் தேடி அடித்த கலவர வருடம் நான் அம்மாவின் வயிற்றில் ஏழு மாதம். ஈயமும் ஆணியும் வாங்க இருவரும் நுவரெலியாவுக்குப் போனார்கள். திரும்பி வந்தது அப்பா மட்டும். மாமா முந்திய பஸ்ஸில் ஏறினார், வழியில் மறித்துக் கொன்றுவிட்டார்கள் என்று அப்பா சொன்னார். முப்பது வருடம் நாங்களும் அதைத்தான் நம்பினோம்.

அந்த முப்பது வருடத்தின் கடைசியில்தான் சேவல் வந்தது. புயல் காற்றில் எங்கள் சிற்றாலயத்தின் கூரை பறந்த வருடம், கூரையைச் சீர்செய்த அப்பா, தன் கட்டிலுக்கடியில் வெகுகாலமாக வைத்திருந்த ஒரு கருகிய தகரத்தை எடுத்து, கத்திரியால் ஒரு சேவலை வெட்டி, மணிக்கம்பத்தின் உச்சியில் ஏற்றிவிட்டார். யாரிடமும் கேட்கவில்லை. வர்ணமும் பூசவில்லை. "புறா வைப்பாங்க, ஆட்டுக்குட்டி வைப்பாங்க, நீங்க ஏம்ப்பா சேவல் வச்சீங்க?" என்று தம்பி கேட்டதற்கு, "சீமையில வைப்பாங்கடா" என்று மட்டும் சொன்னார்.

அது உண்மைதான். பங்குச் சாமியாரிடம் பிறகு விசாரித்தேன். யேசுவைப் பிடித்துக்கொண்டு போனபோது, முற்றத்தில் குளிர்காய்ந்துகொண்டிருந்த பேதுருவிடம், "நீயும் அந்தாளோட ஆளுதானே?" என்று மூன்று தடவை கேட்டார்கள். மூன்று தடவையும் அவர் தெரியாது என்றார். அப்போது சேவல் கூவியது. பேதுரு வெளியே போய் மனம் கசந்து அழுதார். ஆதிக் கிறிஸ்தவர்கள் தங்கள் கல் சவப்பெட்டிகளிலேயே பேதுருவின் பக்கத்தில் ஒரு சேவலைச் செதுக்கினார்களாம். கோபுர உச்சியில் உலோகச் சேவல் வைக்கும் வழக்கத்துக்கும் ஆயிரம் வருடத்துக்கு மேலாகிறதாம். "விடியலைச் சொல்கிற பறவைதான். ஆனால் அதற்கு முன்னால் உன் பொய்யைச் சொல்லிவிடும்" என்றார் சாமியார்.

அடுத்த காவடி ஊர்வலம் எங்கள் ஆலயத்தைத் தாண்டும்போது நின்றது. "டேய், நம்ம முருகன் சேவலு வேதக் கோயில்ல ஏறி நிக்கிதுடா!" என்று ஒருவர் கூவ, ரோட்டிலேயே சூடம் கொளுத்திக் கும்பிட்டார்கள். நம்பிக் கும்பிட்டவர்களும் உண்டு, கேலிக்குக் கும்பிட்டவர்களும் உண்டு. ஆலயத்து இளைஞர்களுக்கு ரத்தம் கொதித்தது. வாய்ப்பேச்சு தடியாகி, தடி கல்லாகி, அன்று மூன்று பேருக்கு மண்டை உடைந்தது. ஒருவருக்குக் கை எலும்பு வெளியே தெரிந்தது.

மறுநாள் பகலில் ஆலயத்துப் பையன்கள் ஏணியோடு வந்தார்கள். கையில் கடப்பாரையோடு முன்னால் நின்றவன் என் தம்பி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் முருகன் கோயில்காரர்கள் கல்லோடு நின்றார்கள்.

அப்பா ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"வெலகுங்கப்பா! ஒங்களுக்கு யேசு பெருசா, முருகன் பெருசா?"

"கைய வைக்காத. சொல்றதக் கேளு."

"இந்தத் தகரத்துக்காக ஊரே வெட்டிக்கிட்டுச் சாகணுமா?" என்று தம்பி அப்பாவின் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். பெற்ற தகப்பனை. அப்பா ஏணியோடு சாய்ந்தார். அதே நேரம் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த கல் அவர் நெற்றியைப் பிளந்தது. கண்ணெல்லாம் ரத்தம். கொழுந்துக்கூடையை இறக்கக்கூட இல்லாமல் அம்மா மலையிலிருந்து ஓடி வந்து நின்றார். அம்மாவைப் பார்த்ததும் அப்பா ஆலயப் படியில் உட்கார்ந்து சத்தமாகப் பேச ஆரம்பித்தார். இரண்டு பக்கமும் கேட்டது.

"மச்சான் முந்தின பஸ்ஸுல போகல. என் பக்கத்துலதான் ஒக்காந்திருந்தாரு. மறிச்சி எறக்குனானுங்க. நான் அவனுங்க மாதிரியே பேசுனேன், என்னய விட்டுட்டானுங்க. மச்சானுக்கு அவங்க பேச்சு வராது, மொதல்ல வாயே தொறக்கல. 'இவனத் தெரியுமா?'ன்னான் ஒருத்தன். 'தன்னே நே'ன்னேன். தெரியாதுன்னேன். இரும்புக் கம்பியால மச்சான் மொழங்கால்ல அடிச்சானுங்க. 'ரெண்டு பேரும் ஒன்னாதான வந்தீங்க?'ன்னான் இன்னொருத்தன். தன்னே நேன்னேன். அடுத்த அடி தலையில. மூணாவதா ஒருத்தன் என் சட்டையப் புடிச்சி உலுக்குனான். மச்சான் ரத்தம் என் செருப்புக்கடியில ஓடுது. அப்பவும் அதேதான் சொன்னேன். பெறகு, கொளுத்துன கடைக்குள்ள அவரத் தூக்கிப் போட்டானுங்க. உசுரு இருந்துச்சு. சத்தம் கேட்டுச்சு. நான் ரோட்டோரமா நடந்து வந்துட்டேன்."

அப்பா நெற்றி ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு மேலே சொன்னார்.

"நாலு நாள் கழிச்சி அள்ளப் போனேன். எது எலும்பு, எது கரின்னு தெரியல. அந்தக் கடைக் கூரையில ஒரு தகரத்தத்தான் தூக்கிட்டு வர முடிஞ்சது. பேதுருவுக்குக் கூவுறதுக்கு ஒரு சேவல் இருந்துச்சு. கூவுனதும் அழுதுட்டாரு. எனக்கு எதுவும் கூவல, முப்பது வருசமா நான் அழவும் இல்ல. அதான் நானே ஒன்ன வெட்டி, தெனம் கண்ணுல படுற மாதிரி வச்சேன். அது முருகன் சேவலும் இல்ல, வேதக்காரங்க சேவலும் இல்ல. என் சேவலு. புடுங்குறதுன்னா இப்பப் புடுங்குங்க."

தம்பி கடப்பாரையைக் கீழே போட்டான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் கற்கள் ஒவ்வொன்றாக விழும் சத்தம் எனக்குக் கேட்டது. எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா கூடையைச் சரிசெய்துகொண்டு மறுபடி மலைக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் எங்கள் வீட்டில் நடந்ததை யாரும் அறியமாட்டீர்கள். அம்மா சமைப்பார். ஆனால் தட்டை அப்பாவின் கையில் தராமல் பலகைமேல் வைத்துவிட்டுப் போவார். ஒரு சொல் பேசவில்லை. ஒருநாள் அப்பாவின் முழங்காலில் அம்மா விறகுக் கட்டையால் ஓங்கி அடித்ததை நான் கண்ணால் பார்த்தேன். அப்பா காலை இழுத்துக்கொள்ளவில்லை. நானும் தடுக்கவில்லை.

ஒரு மத்தியானம், சோற்றைப் பலகையில் வைத்த அம்மா அங்கேயே நின்றார்.

"எங்கண்ணன் ஒங்களப் பாத்தாரா?"

"பாத்தாரு."

"என்ன சொன்னாரு?"

அப்பா அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். "அவர்கிட்டயும் கேட்டானுங்க, என்னயக் காட்டி, இவன் ஒன் ஆளான்னு. தன்னே நேன்னாரு. அடி விழ விழ அதயே சொன்னாரு. அவருக்குத் தெரிஞ்ச சிங்களம் அந்த ரெண்டு சொல்லுதான். நான் சொன்னதக் கேட்டுக் கேட்டுத்தான் அவரும் புடிச்சிக்கிட்டாரு."

அம்மா தரையில் உட்கார்ந்தார். முதலில் அழுதது அம்மாவா அப்பாவா என்று எனக்கு நினைவில்லை. பிறகு அம்மா பலகையிலிருந்த தட்டை எடுத்து அப்பாவின் கையில் கொடுத்தார். "சாப்புடுங்க. எங்கண்ணன் அனுப்பி வச்ச உசுரு. பட்டினி போட எனக்கு உரிமை இல்ல" என்றார்.

அதன் பிறகு அப்பா வாழ்ந்த வருடங்களில் எவர் வீட்டிலாவது அடிதடி என்று கேட்டால் முதல் ஆளாகப் போய் நடுவில் நிற்பார். இரண்டு தடவை கத்திக்குத்து வாங்கினார், ஒரு விரல் போனது. கடைசி நாட்களில் நெஞ்சுச்சளி அவரைப் படுக்கையில் போட்டபோது, மணிக்கம்பம் தெரிகிற பக்கமாகத் தலையை வைக்கச் சொன்னார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். கலவரத்தில் அம்மாவைத் தங்கள் வீட்டுக்குள் வைத்து, வாசலில் மண்வெட்டியோடு நின்று காத்த கீழ்க்கிராமத்துச் சிங்களக் குடும்பத்துக்கு நன்றி. பெட்டியைத் தோள்மாற்றித் தூக்கிய ஆலயத்து இளைஞர்களுக்கும் கோயில் இளைஞர்களுக்கும் நன்றி. அன்று கல்லெறிந்தவரும் குழி வெட்ட வந்திருந்தார். அவர் யார் என்று அவருக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். அவருக்கும் நன்றி. அப்பாவைத் தள்ளிய கையால் மாதாமாதம் கம்பத்தில் ஏறிச் சேவலுக்கு எண்ணெய் போடும் தம்பியையும் சொல்லாமல் விடக் கூடாது.

போன வாரம் அவன் கேட்டான்: "அப்பாவும் போயிட்டாரு. துரு புடிச்சிருச்சி. எறக்கிரலாமாம்மா?"

அம்மா சொன்னார்: "எங்கண்ணன் எரிஞ்ச எடத்துக் கூரைடா அது. ஒங்கப்பாவுக்காவது குழி இருக்கு. எங்கண்ணனுக்கு வேற கல்லறை ஏது? இருக்கட்டும்."

இப்படிக்கு,
மூத்த மகள்