துரு அக்கா போட்ட கையெழுத்து

எங்கள் தொழிற்சாலையில் துரு அக்காவிடம் யாரும் வாயைக் கொடுக்க மாட்டோம். துருப்பிடிக்காத எஃகு என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும். "பிடிக்காதுன்னு யார் சொன்னா? இன்னும் நேரம் வரலை, அவ்வளவுதான்" என்பார்.

எஃகுத் துண்டை உப்புத் தண்ணீரில் முக்கி, மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பார்ப்பது அவர் வேலை. நல்ல எஃகு என்றால் திரையில் கோடு அடங்கிக் கிடக்கும். சட்டென்று எகிறினால், எங்கோ ஊசிமுனை அளவு குழி விழுந்துவிட்டது என்று அர்த்தம்.

போன மாதம், ஒரு மருத்துவமனைக்குப் போகவேண்டிய தண்ணீர்த் தொட்டியின் மாதிரித் துண்டு வந்தது. வெல்டிங் செய்தவர் அக்காவின் கணவர். கோடு பாதியிலேயே எகிறியது.

அக்கா முதலில் தன் கையைத்தான் சந்தேகப்பட்டார். துண்டின் ஓரத்தில் பூசும் அரக்கு சரியாக ஒட்டாவிட்டால், அதன் அடியில் உப்புத் தண்ணீர் புகுந்து அரித்துவிடும். பழி எஃகின் மேல் விழும். நாங்கள் எல்லோரும் ஒரு தடவையாவது செய்த தப்பு அது. அரக்கைச் சுரண்டிப் பார்த்தார். ஓரம் சுத்தமாக இருந்தது. குழி, வெல்டிங்கை ஒட்டிச் சூட்டில் நீலம் பாய்ந்த பட்டையில் இருந்தது. வெல்டிங் முடிந்ததும் அமிலப் பசை தடவி அந்த நீலத்தை எடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் துரு அங்கேதான் தொடங்கும். எடுக்கவில்லை.

'தோல்வி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கணவர் கொதித்துப்போய் எங்கள் அறைக்கே வந்துவிட்டார்.

"உன் புருஷன் வேலைன்னு ஒரு தடவை யோசிச்சியா?"

"யோசிச்சேன். அதான் அரக்கைச் சுரண்டிப் பாத்தேன். பசை ஏன் போடலை?"

"அந்த நெடி நெஞ்சை அடைக்குது. லேசா நீலமா இருந்தா தண்ணிக்குத் தெரியவா போகுது?"

"தண்ணிக்குத்தாங்க முதல்ல தெரியும்."

மூன்றாம் நாள் கணவர் முகமூடி மாட்டிக்கொண்டு, தொட்டியின் வெல்டிங் முழுவதையும் பசை தடவிக் கழுவினார். அதேபோல் கழுவிய மூன்று புதுத் துண்டுகளோடு வந்து உட்கார்ந்தார். இதில் ஒன்று தோற்றாலும் தொட்டி பழைய இரும்புக்குப் போகும், அவரும் வேறு வேலை தேட வேண்டும் என்று மேலாளர் சொல்லியிருந்தார். அக்கா முதல் துண்டை உப்புத் தண்ணீரில் முக்கினார். எனக்குப் பாவமாக இருந்தது.

போன தடவை எகிறிய இடத்தைத் தாண்டியும் கோடு அசையவில்லை. கடைசிவரை அசையவில்லை. கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேலாளரிடம் சொல்ல எழுந்தார்.

"உக்காருங்க" என்றார் அக்கா, அடுத்த துண்டுக்கு அரக்குப் பூசியபடியே. "இன்னும் ரெண்டு இருக்கு."